மின்கிட்டார் வாங்கும் வீட்டாருக்கு

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை பேசுவதும் நம் சங்கத்திற்குப் புதியன அல்ல. ஆயினும் இவ்வாண்டு செயற்குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு சிலருக்குப் புன்முறுவலை வரவழைக்கக் கூடும். மின்கிட்டார் வாங்குவது பற்றிப் பேச வேண்டுமாம். அதிலும், இக்காலத்து அமைப்பில் வரும் ‘ஸ்டாண்டர்ட்’ கிட்டாரை வாங்குவதா, ஐம்பது அறுபதுகளில் செய்த கிட்டாரை அன்றிருந்தபடியே மீண்டும் செய்து விற்கும் ‘ரீ-இஷ்யூ’ கிட்டாரை வாங்குவதா என்பதுதான் வினா. நூலுக்கு மறுபதிப்பு உண்டு. கருவிக்கும் மறுபதிப்பு உண்டு என்று கொள்வோம். அச்சொல்லையே இன்று கையாள்வோம்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வினா, பெரியவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கருதுவோர் நம் குடியிருப்பின் தெருக்களில் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை நடந்து பார்க்கட்டும். ஒரு வீட்டில் வீணை, ஒரு வீட்டில் மிருதங்கம், அடுத்த மூன்று வீடுகளில் கிட்டார். பதினாறு வயதுப் பெண்ணோ பையனோ, ‘அப்பா, எனக்கு அசல் கிட்டார் வேண்டும்’ என்று கேட்கிறார்கள். அசல் என்றால் எது என்று தந்தைக்குத் தெரியாது. கடைக்காரர் சொல்வதும், பிள்ளையின் நண்பன் சொல்வதும் வெவ்வேறாக இருக்கின்றன. சேமநிதியிலிருந்து எடுத்த பணம் கையில் இருக்கிறது. அப்பணம் சரியான இடத்தில் சென்று விழ வேண்டும். அதைவிடப் பெரிதாக, அப்பிள்ளையின் விரலும் செவியும் சரியான கருவியில் பழக வேண்டும். பொருந்தாத கருவியால் ஆறு மாதத்தில் கைவிடப்பட்ட இசைப்பயிற்சிகள் நம் வீடுகளின் பரண்களில் எத்தனையோ உறங்குகின்றன.

பெங்களூரில் கிட்டார் வேர் கொண்டது நேற்று இன்று அன்று. 1809ஆம் ஆண்டை ஒட்டி இங்குக் கண்டோன்மென்ட் அமைந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து நம் முன்னோர் பலர் படையோடும் வணிகத்தோடும் வந்து குடியேறினர். அதே கண்டோன்மென்டுக்குள் மேனாட்டு இசையும் வந்தது. அல்சூரில் தமிழ்ப் பாட்டு, சற்றுத் தள்ளி பாண்டு வாத்தியம் என்று இரண்டும் அடுத்தடுத்து ஒலித்த ஊர் இது. பிற்காலத்தில், நம் இளையராஜா தமக்கெனத் தனியாக இசையமைக்கத் தொடங்குமுன், கன்னடத் திரையுலகில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் கிட்டார்க் கலைஞராகவும் உதவியாளராகவும் பணியாற்றினார் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கன்னட இசையும் தமிழ் இசையும் கைகுலுக்கிக் கொண்ட இடத்தில் கிட்டாரும் உடன் இருந்தது. 2005இல் மார்க் நாஃப்ளர் இங்கு வந்து வாசித்தார். 2007இல் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழுவினர் வாசித்தனர். அவ்விரண்டையும் கேட்ட இளைஞர்கள் இன்று தந்தையர் ஆகிவிட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்கு இப்பொழுது கிட்டார் வேண்டியிருக்கிறது.

மின்கிட்டார்களில் பெயர் பெற்றவை பல. கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் அவற்றுள் ஒன்று. 1952இல் பிறந்து, 1958 முதல் 1960 வரை செவ்வொளி வீசும் வண்ணத்தோடு வந்து, அக்காலத்தில் விலை போகாமல் நிறுத்தப்பட்டு, 1968இல் மீண்டும் உயிர் பெற்றது அது. அன்று விலை போகாத அந்த மூன்று ஆண்டுக் கருவிகளுக்கு இன்று வீடு வாங்கும் பணம் கேட்கிறார்கள். உலகின் போக்கு இத்தகையது! அதனை இவ்வளவோடு நிறுத்துவோம். நம் குடியிருப்புப் பிள்ளைகள் மிகுதியாகக் கேட்பது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம். மற்றக் கருவிகளுக்கும் பெரும்பாலும் இதே கணக்குப் பொருந்தும்.

இந்தக் கருவியைப் படைத்த லியோ ஃபெண்டர் ஓர் இசைவாணர் அல்லர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். தொழிற்சாலைகளிலும் மின்னணுக் கூடங்களிலும் உழைத்து இளைத்த தமிழர் நிறைந்த இவ்வவையில் இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறோம். வாசிப்பவர்கள் கடைக்கு வந்து குறை சொன்னார்கள்; அவர் காது கொடுத்துக் கேட்டார். விலாவில் விளிம்பு குத்துகிறது என்றார்கள். பலகையைச் செதுக்கி உடலுக்கு இசைந்த வளைவு கொடுத்தார். கழுத்துத் தேய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்து, வேண்டும்போது கழற்றும்படி செய்தார். 1954ஆம் ஆண்டு, மூன்று பிக்கப்புகளோடும், கம்பிகளை ஒருசேர நடுங்கச் செய்யும் நெம்புகோலோடும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. குறை கேட்டுக் குறை களைந்து பிறந்த கருவி அது என்பதை நாம் மறத்தல் கூடாது. பின்னால் இது நமக்கு உதவும்.

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லியோ தம் கம்பெனியை சி.பி.எஸ். என்னும் பெரு நிறுவனத்துக்கு ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதன் பின் உற்பத்தி பெருகியது. செய்நேர்த்தி சிறுகச் சிறுகக் குறைந்தது. எழுபதுகளில் நான்கு திருகாணி மூன்றாயிற்று. பழைய கருவிகளைத் தேடி வாசகர்கள் அடகுக் கடைகளை வலம் வந்தனர். வாசகர் என்றோம், கிட்டார் வாசிப்பவரைச் சொன்னோம். ஜப்பானியத் தொழிற்சாலைகளோ பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை அணு அணுவாக அளந்து, அசலினும் நேர்த்தியாக நகல் செய்து விற்கத் தொடங்கின. தன் பழைய கருவியின் நகலே தனக்குப் போட்டியாக வந்து நிற்பதைக் கண்ட ஃபெண்டர் கம்பெனி, 1982இல் தானே தன் பழமைக்குத் திரும்பியது. 1957ஆம் ஆண்டு அமைப்பு, 1962ஆம் ஆண்டு அமைப்பு என இரண்டு மறுபதிப்புகள் வந்தன. ஜப்பானிலும் அதே ஆண்டு ஒரு கிளை நிறுவி அங்கும் செய்வித்தது. 1985இல் கம்பெனியின் அலுவலர்களே ஒன்று சேர்ந்து சி.பி.எஸ்.ஸிடமிருந்து அதனை விலைக்கு வாங்கிக் கொண்டனர். அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில், பழமையின் உருவமும் புதுமையின் உறுப்புகளும் கொண்ட ‘அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்’ பிறந்தது. மறுபதிப்பு ஒரு வழி, ஸ்டாண்டர்ட் ஒரு வழி என்று பாதை இரண்டாகப் பிரிந்த வரலாறு இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறிவிட்டு மேலே செல்வோம். ‘ஸ்டாண்டர்ட்’ என்ற சொல் ஒரே பொருளைக் குறிப்பதன்று. அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் 2016ஓடு நின்றது. அதன் வழித்தோன்றலுக்கு ‘அமெரிக்கன் புரொஃபெஷனல்’ என்று பெயர். மெக்சிகோ நாட்டில் செய்த ஸ்டாண்டர்ட் ஒன்று இருந்தது; 2018இல் அதன் இடத்தை ‘பிளேயர்’ பிடித்தது. 2025இல் இந்தோனேசியாவில் செய்த ஒன்றுக்கு மீண்டும் ஸ்டாண்டர்ட் என்று பெயரிட்டார்கள். ஒரே பெயர், மூன்று நாடு, மூன்று விலை. பழைய கிட்டார் ஒன்றை இரண்டாங்கையாக வாங்கும் பெற்றோர், பெயரை மட்டும் கேட்டுப் பணம் கொடுத்துவிடாமல் எந்த நாட்டில், எந்த ஆண்டில் செய்தது என்று வரிசை எண்ணைக் கொண்டு உறுதி செய்து கொள்ள வேண்டும். மறுபதிப்பிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்காவில் செய்வது ‘அமெரிக்கன் விண்டேஜ்’. மெக்சிகோவில் செய்வது ‘விண்டெரா’. மலிவு விலையில் ஸ்குவையர் பெயரில் வருவது ‘கிளாசிக் வைப்’. இந்தக் கடைசி வகையின் தோற்றம் பழையது. ஆனால் விரற்பலகையின் வளைவு புதிய கணக்கு. வேட்டி கட்டிக்கொண்ட இக்காலத்து இளைஞனைப் போன்றது என்று கூறலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தெரிந்து வாங்கினால் போதும்.

விரற்பலகையின் வளைவு என்றோமே, அதுவே இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாடுகளுள் தலையாயது என்பது நம் கருத்து. அதிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட முதன்மையானது. காரணம் கூறுவோம்.

கிட்டாரின் விரற்பலகை தட்டையன்று. பீப்பாயின் முதுகு போல மெல்ல வளைந்தது. 1954ஆம் ஆண்டுக் கருவியில் அவ்வளைவு, ஏழேகால் அங்குல ஆரமுடைய ஒரு வட்டத்தின் துண்டு. ஸ்டாண்டர்டில் அது ஒன்பதரை அங்குல ஆரம். ஆரம் சிறிதானால் வளைவு மிகும். ஆரம் பெரிதானால் பலகை தட்டையை நெருங்கும். பல தந்திகளை ஒருங்கே அழுத்திச் சுரக்கூட்டு வாசிப்பவருக்கு வளைவு மிகுந்த பலகை உள்ளங்கைக்குள் உருண்டையாக அமைந்து இதமளிக்கும். ஐம்பதுகளில் பாட்டுக்குத் துணையாகச் சுரக்கூட்டு வாசித்தோரே மிகுதி. ஆகவே அக்காலத்து வாசிப்புக்கு அது நன்கு பொருந்தியது.

நம் இசையோ கமகத்தில் உயிர் வாழ்வது. வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகளும் தட்டையானவை. ஒரு மெட்டில் நின்றுகொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த சுரத்தையும் அதற்கடுத்த சுரத்தையும் வரவழைக்கிறோம். தோடியின் காந்தாரம் அவ்வாறு அசைவதால்தானே தோடியாகிறது! அதே இழுப்பை வளைவு மிகுந்த கிட்டாரில், மேல் மெட்டுகளில், மெல்லிய தந்தியில் செய்து பாருங்கள். ஓரத்திலிருந்த தந்தி பலகையின் நடு முதுகை நோக்கி நகர்கிறது. அங்கு மெட்டுகள் மேடாக இருப்பதால் தந்தி அடுத்த மெட்டில் உராய்ந்து, ஒலி இருமலைப் போல அறுந்து போகிறது. இதனைத் தவிர்க்கத் தந்திகளை உயர்த்தி வைக்க வேண்டும். உயர்த்தினால் அழுத்துவது கடினம். இளம் விரல்கள் நோகும். ஒன்பதரை அங்குலப் பலகையிலும் இத்தொல்லை அறவே இல்லாமற் போய்விடாது. ஆனால் பெரிதும் குறைகிறது.

ஜான் மெக்லாஃப்லின் என்னும் ஆங்கிலேயக் கிட்டார் மேதை, அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். எழுபதுகளில் அவர், கடம் விநாயகராம், எல். சங்கர், ஜாகீர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைந்தெடுத்த தனிக் கிட்டார் ஒன்றைச் செய்வித்துக் கொண்டார். கமகம் பேசுவதற்காகக் கருவியையே மாற்றினார். நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸும் மேனாட்டு மாண்டலினை அப்படியே ஏற்கவில்லை. இரட்டைத் தந்திகளை நீக்கி, ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டி, மின்கருவியாக்கிக் கொண்டார். இவர்கள் எவரும் பழைய வடிவத்தை அவமதித்தவர்கள் அல்லர். தம் இசைக்குக் கருவி இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள்.

நம் குடியிருப்பில் ஒரு வீடு. ஆறு ஆண்டுகள் வீணை பயின்ற பெண், கிட்டாரிலும் வர்ணம் வாசிக்க விரும்பினாள். தந்தையார், ‘வாங்குவது வாங்குகிறோம், பழைய முறைப்படி செய்த அசலையே வாங்கிவிடுவோம்’ என்று முடிவு செய்து, துணைக்கு நம்மையும் கடைக்கு அழைத்துச் சென்றார். மறுபதிப்பு, கண்ணைப் பறிக்கும் அழகு; பெண் அதை மடியில் வைத்தவுடனேயே தந்தையின் முகம் மலர்ந்தது. ‘பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே ஒரு காந்தாரத்தை அசைத்துப் பார், அம்மா’ என்றோம். இரண்டாம் அசைவில் ஒலி நின்றது. அருகிலிருந்த இக்காலக் கருவியில் அதே அசைவு தடையின்றிப் பேசியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. தந்தையை ஏறிட்டுப் பார்த்தாள். அவரும் கேட்டுவிட்டார். வாங்கியது எது என்று கூறவும் வேண்டுமோ? மிச்சப்பட்ட பணத்தில் நல்ல ஒலிபெருக்கியும் வந்தது.

அடுத்தது இரைச்சல். பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. ஆறு காந்தங்களைச் சுற்றி, மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றிய சுருள். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். தந்தியின் அதிர்வை மட்டுமா அது வாங்குகிறது? வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் 50 அதிர்வையும் சேர்த்து வாங்கி, ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. இக்காலக் கருவிகளில் பெரும்பாலும் நடுப் பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து வாசிக்கும்போது முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இசை மட்டும் நிற்கும். ஆண்டுக்கு உண்மையாகச் செய்த மறுபதிப்பில் இவ்வசதி இராது. அடுக்குமாடி வீட்டில், ஒருபுறம் மின்தூக்கி, ஒருபுறம் நீரேற்றும் மோட்டார், தலைக்குமேல் மங்கலாக்கும் விசையோடு கூடிய விளக்கு என்று வாழும் நமக்கு இது சிறிய செய்தியன்று. எந்தக் கிட்டாரானாலும் வீட்டில் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். இது இரைச்சலுக்காக மட்டும் அன்று, உயிருக்காகவும்தான். தந்தியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுத்தால் அன்றே ஒலிபெருக்கியின் இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மாப்பிள்ளையிடமோ மகனிடமோ கிட்டார் சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிட்டாருக்கு வோல்டேஜ் இல்லை. எங்கிருந்து வந்தாலும் வாசிக்கும். ஒலிபெருக்கியை மட்டும் அங்கிருந்து தருவிக்க வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் ஒரே ஒரு சுரம் வாசிக்கும், பிறகு புகை வாசிக்கும்.

கழுத்தின் உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. தந்திகளின் இழுப்பில் கழுத்து வளையாதபடி எதிர்த்து நிற்பது அது. காற்றின் ஈரம் மாறும்போது மரமும் சற்று அசையும். அப்போது அக்கம்பியைச் சிறிது முறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். ஸ்டாண்டர்டில் அதன் திருகு தலைப்பக்கம் இருக்கிறது. ஒரு சிறு சாவியால் இரண்டு நிமிடத்தில் முடியும். பழைய முறை மறுபதிப்பில் திருகு கழுத்தின் அடியில் மறைந்துள்ளது. தந்திகளைத் தளர்த்தி, திருகாணிகளை இளக்கி, கழுத்தைத் தூக்கி, திருகி, மீண்டும் பூட்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடியும் கழற்ற வேண்டும். பெங்களூரின் மிதமான காற்றில் ஆண்டுக்கு ஓரிரு முறை இப்பணி நேரலாம். ஆனால் நம் குடும்பங்கள் ஓரிடத்தில் நிற்பனவா? பொங்கலுக்குத் தஞ்சை, கோடையில் சென்னை, படிப்புக்கு வேறொரு நாடு. கடற்கரை ஈரத்துக்கும் மேட்டுநில வறட்சிக்கும் இடையே அலையும் கருவிக்கு எளிய திருகு பெரிய துணை.

மற்ற வேறுபாடுகளை விரைந்து சொல்லிவிடலாம். பழையதில் குதிரையை ஆறு திருகாணிகள் தாங்கும்; புதியதில் இரண்டு தூண்கள். நெம்புகோலை அழுத்தி விட்டபின் சுருதிக்குத் திரும்புவதில் புதியது சற்று நம்பத் தக்கது. பழையதில் 21 மெட்டு, புதியதில் 22. பழைய வகை லாக்கர் மெருகு மெல்லியது. நாளடைவில் மஞ்சள் பாரித்து அழகாக மூப்படையும். ஆனால் இரப்பர் பூண்ட தாங்கியில் சாய்த்து வைத்தால் மெருகு இளகி ஒட்டிக்கொள்ளும். தாங்கிக்கு மல் துணி சுற்றி வைப்பது நலம். புதிய பாலியெஸ்டர் மெருகு பிள்ளைகளின் முரட்டுக் கைக்கும் தாக்குப் பிடிக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1995 முதல், புதிய கிட்டாரைத் தொழிற்சாலையிலேயே கீறி, தேய்த்து, துருவேற்றி, பழையது போல ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். புதுப் பாத்திரத்தை நசுக்கிவிட்டு அதற்குக் கூலி கேட்கும் பாத்திரக்காரரை நம் பாட்டிமார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்!

‘பழையதே அசல்’ என்போரிடம் நாம் கேட்க விரும்புவது, எந்த ஆண்டுப் பழையது என்பதே. 1954இல் இக்கருவியின் தேர்வு விசைக்கு மூன்று நிலைகள் மட்டுமே இருந்தன. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பிக்கப். வாசித்தவர்களோ விசையை இரண்டு நிலைகளுக்கு நடுவே பிடித்து நிறுத்தி, இரண்டு பிக்கப்புகள் கலந்து ஒலிக்கும் ஒரு மணியோசையைக் கண்டுபிடித்தார்கள். செய்தவர் நினையாத ஒலி. வாசித்தவர் கண்ட ஒலி. 1977இல் கம்பெனியே அதனை ஏற்று ஐந்து நிலை விசையை வைத்தது. மார்க் நாஃப்ளரின் புகழ்பெற்ற ஒலி அந்த நடு நிலையில் பிறந்ததுதான். இன்று ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒலி’ என்று உலகம் எதைச் சொல்கிறதோ, அது முதற் கருவியின் திட்டத்தில் இல்லாதது. மரமும் அப்படித்தான். 1954இல் ஆஷ் மரத்து உடல். 1956 முதல் பெரும்பாலும் ஆல்டர். முதலில் மேப்பிள் கழுத்து மட்டுமே. 1959 முதல் அதன்மேல் ஈட்டி மரப் பலகை.

ஈட்டி என்றவுடன் நம் மண் மணக்கிறது. அமெரிக்கர்கள் முதலில் பிரேசில் நாட்டு ஈட்டியைப் பயன்படுத்தினர். அறுபதுகளின் நடுவில் இந்திய ஈட்டிக்கு மாறினர். நாம் தோதகத்தி என்றும் சொல்லும் மரம் அது; கன்னடத்தில் பீட்டே. மேற்குத் தொடர்ச்சி மலையின் குடகிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் வளர்வது. பிரேசில் ஈட்டி அருகிவிட்டதால் 1992இல் அதன் வணிகம் உலக உடன்படிக்கையால் தடுக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஈட்டி இனம் முழுவதற்குமே கட்டுப்பாடு வந்தது. மெக்சிகோவில் செய்த கிட்டார்கள் பவ் ஃபெரோ என்னும் தென்னமெரிக்க மரத்துக்கு மாறின. 2019இல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே 1962ஆம் ஆண்டின் மறுபதிப்பு என்று இன்று விற்கும் கருவியின் பலகையில் பெரும்பாலும் 1962ஆம் ஆண்டின் மரம் இல்லை. நம் மலைச்சாரலின் மரம் இருக்கக் கூடும். அது குறைவு என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம்.

தமிழ் நூற்பதிப்பில் இதே வழக்கை நாம் சந்தித்திருக்கிறோம். ஐம்பதுகளில் மர்ரே எஸ். ராஜம் அவர்கள் சங்க நூல்களைச் சந்தி பிரித்து, எளியோர் கையில் சேரும் மலிவு விலையில் வெளியிட்டார். ஏட்டில் இருந்தபடி அச்சிடுவதே முறை என்று வாதிட்டோர்க்கும் நியாயம் உண்டு. ஆராய்வோர்க்கு அது வேண்டும். ஆனால் முதன்முதலாகப் புறநானூற்றைத் திறக்கும் மாணவனுக்கு எதைக் கொடுப்பது? சந்தி பிரித்ததைத்தானே! படித்துத் தேர்ந்தபின் அவனே ஏட்டு வடிவத்தைத் தேடிச் செல்வான்.

அப்படியானால் மறுபதிப்பு யாருக்கு? பாட்டுக்குத் துணையாகச் சுரக்கூட்டு வாசிப்பவருக்கு அதன் உருண்ட கழுத்து மிக இதமானது. திரைப்பாடல் பாடிக்கொண்டே வாசிக்கும் இளைஞர் அதனைத் தயங்காமல் எடுக்கலாம். பல ஆண்டுகள் வாசித்து, இன்ன காலத்து இன்ன ஒலி தமக்கு வேண்டும் என்று செவியால் அறிந்தவருக்கும் அதுவே உரியது. நம் குடியிருப்பில் பணி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், இளமையில் வாங்க இயலாத கருவியை அறுபதைக் கடந்தபின் வாங்கினார். 1957ஆம் ஆண்டின் மறுபதிப்பு. மாலையில் அவர் வீட்டுப் பலகணியிலிருந்து வரும் ஒலியைக் கேட்டவர் எவரும் அதனை வீண்செலவு என்று சொல்லார். அவர் வாங்கியது வேறு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வாங்குவது வேறு.

விலையையும் சொல்ல வேண்டும். 2022இல் வெளிவந்தபோது அமெரிக்க மறுபதிப்பின் விலை 2,000 டாலருக்கு மேல். 2023இல் மெக்சிகோ மறுபதிப்பின் இரண்டாம் வரிசை 1,100 டாலர் அளவில் வந்தது. 2024இல் பிளேயரின் இரண்டாம் வரிசை 800 டாலர் அளவில் வந்தது. நம் நாட்டில் வரியும் கூலியும் ஏறி, கடைக்குக் கடை வேறுபடும். எனினும் விகிதம் ஏறத்தாழ இதுவே. முதற் கருவிக்கு இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. ஸ்குவையர் வகை ஒன்றில் இரண்டாண்டு பழகட்டும். கை நிலைத்தபின் அடுத்ததைப் பேசலாம். இரண்டாம் கருவி வாங்கும் காலத்தில், பிள்ளை கர்நாடக இசையையும் தொட விரும்பினால் இக்கால அமைப்பே தக்கது என்பது நம் துணிபு. இதில் நமக்கு ஐயம் இல்லை.

கடையில் எப்படிச் சோதிப்பது என்று தாய்மார் சிலர் விழாவுக்கு முன்பே கேட்டனர். முதலில் ஒலிபெருக்கியில் இணைக்காமல் வெறுங்கருவியாக வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல மரம் அப்போதே நெஞ்சில் படும்படி அதிரும். தலைப்பக்கத்திலிருந்து துப்பாக்கி குறி பார்ப்பது போலக் கழுத்தின் நெடுகப் பாருங்கள். முறுக்கம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டிய ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டிய ஒலியும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் குதிரையைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பதினைந்தாம் மெட்டில் மெல்லிய தந்தியை ஒரு முழுச் சுரம் இழுத்து, ஒலி அறுகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒலிபெருக்கியில் இணைத்து, வாசிக்காமல், ஐந்து நிலைகளிலும் விசையை வைத்து முனகலை மட்டும் கேளுங்கள். கடைசியாக, பிள்ளையை நிற்க வைத்து, தோள்வாரில் மாட்டி, கால்மணி நேரம் அப்படியே விடுங்கள். மூன்றரைக் கிலோ அளவு எடை தோளில் என்ன சொல்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். கடைக்காரர் பொறுமை இழந்தால் வேறு கடைக்குச் செல்லுங்கள். பெங்களூரில் கடைக்கா பஞ்சம்!